மூணரை சாண் கடை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நான் சௌக்கியம், அங்க நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருக்கணும்னு ஆரம்பிக்கறதுதான் முறை, அதனால நானும் அப்படியே ஆரம்பிச்சுட்டேன். சௌக்கியம்னா உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்கோ. நீ போன் பண்ணி ஆறு வாரம் ஆச்சு, வேலை ஜாஸ்தியா இருக்கும்னு அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவ நம்பல. போன்ல எனக்குப் பேச வராதுன்னு உனக்கே தெரியும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு நீ கேப்பே, ஆச்சு ஆச்சுன்னு நான் சொல்லுவேன், அதோட முடிஞ்சு போகும். அதான் பேப்பரும் பேனாவும் எடுத்து உக்காந்தேன், கடிதம் நீளமா இருந்தா ரெண்டு நாளா வச்சுப் படி.

வீட்டு விஷயம் பெருசா ஒண்ணுமில்ல. சமையல்கட்டுக் குழாய் மறுபடி ஒழுகுது, அடியில ஒரு வாளி வச்சிருக்கேன். வாளி ரொம்பினா ஊத்திட்டுத் திரும்ப வைக்கறேன், ஆளைக் கூப்பிடணும்னு தோணவே மாட்டேங்குது. அத்தை ஞாயித்துக்கிழமை வந்து குழாயைப் பாத்துட்டு என்னைப் பாத்துட்டு, ரெண்டையும் சேத்துத் திட்டிட்டுப் போனா. காலையில எடை மெஷின்ல ஏறிப் பாக்கறேன், பழைய உத்தியோகப் பழக்கம் விடுமா, உங்க அம்மா போனதிலேர்ந்து நாலு கிலோ குறைஞ்சிருக்கு. வேற யாரோ ஒருத்தரோட எடையைக் குறிச்சு வைக்கற மாதிரிதான் அதையும் குறிச்சு வைக்கறேன். பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி டாக்டர் ஊசி போட்டா கன்னம் மரத்துப் போகுமே, தொட்டா தொடறது தெரியும், ஆனா தொடறது நம்ம கன்னத்தை இல்லைங்கற மாதிரி இருக்கும். அஞ்சு மாசமா நான் அப்படித்தான் இருக்கேன். நீ கிளம்பற அன்னிக்கு வாசல்ல பெட்டியை வச்சுக்கிட்டு, அம்மாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, உங்களுக்கு எல்லாமே எடைக்கல்லுதானான்னு கேட்டுட்டுப் போனே. அதுக்கு அன்னிக்கு நான் பதில் சொல்லல. பதில் இல்லாமத்தான் சொல்லல, கோவத்துல இல்ல. அதை முதல்ல தெரிஞ்சுக்கோ.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். போன மாசம் உங்க அம்மா வேலை பாத்த பள்ளிக்கூடத்துலேர்ந்து பெரிய டீச்சர் வந்தாங்க, அவளோட கைப்பையைக் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போனாங்க. அலமாரியில இருந்துச்சாம், நாலு மாசமா யாருக்கும் எடுக்க மனசு வரலையாம். பையில ஒரு சீப்பு, சாக்பீஸ் துண்டு, பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட், அப்புறம் அவளோட கிளாஸ் நோட்டு. நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துல ஒரு படம் போட்டிருந்தா, அவ படம் போடற அழகு உனக்குத் தெரியுமே, மாடா மேசையான்னு எழுதி வச்சாத்தான் தெரியும். இதுல எழுதியிருந்தா. கடை. உயரம் மூணரை சாண். அகலம் அஞ்சு சாண். கீழ்த்தட்டு தரையிலேர்ந்து ஒரு சாண். மேல பேர் எழுத ஒரு பலகை. மூலையெல்லாம் உருட்டணும், சிலாம்பு கையில ஏறக்கூடாது. அதுக்குக் கீழே கோடு போட்டு, இவர்கிட்ட சொல்லணும்னு எழுதியிருந்தா. சொல்லல. சொல்றதுக்குள்ள போயிட்டா. பெரிய டீச்சரைக் கேட்டேன், ஆமா, சின்னப் பிள்ளைங்க கடை விளையாட்டு விளையாட ஒரு கடை கொண்டு வரேன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க, அதுங்க இன்னும் தினம் கேக்குதுங்க, என்ன பதில் சொல்றதுன்னு தெரியலன்னாங்க.

சரி, செஞ்சுடலாம்னு முடிவு பண்ணினேன். ஆசைன்னு சொல்ல முடியாது. எழுதி வச்ச வேலை ஒண்ணு கையில இருக்கு, அதைச் செஞ்சா நாலு நாள் ஓடும், அவ்வளவுதான் எண்ணம். மரக்கடைக்காரர் பலகையும் சட்டமும் இழைச்சே கொடுத்தாரு, ரம்பமும் இரவல் கொடுத்தாரு, வீட்டுல மூலைமட்டம் இருந்துச்சு. வீட்டுப் பின்பக்கத்துல ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து உக்காந்து அறுத்தேன். நாலு கால், குறுக்குச் சட்டம், மேல் பலகை, கீழ்த்தட்டு, பின்னாடி ரெண்டு கால் மட்டும் உசரமா மேல போய் அதுல பேர்ப்பலகை. ஆணி அடிக்கல, எல்லாம் ஸ்க்ரூதான், தலை வெளியில தெரியாம உள்ளே இறக்கி, பெயிண்ட்காரங்க ஓட்டை அடைக்கற மக்கு வச்சு மூடிட்டேன். உப்புத்தாள் மூணு நம்பர் மாத்தி மாத்தித் தேச்சேன். மூலையெல்லாம் உருட்டி, கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பாத்தேன், எங்கயும் பிடிக்கல. நல்லாத்தான் வந்திருந்துச்சு, நானே சொல்லிக்கக் கூடாது. அத்தை பாத்துட்டு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கறவர் குழாயைச் சரி பண்ணக் கூடாதான்னு கேட்டா.

வண்டி பிடிச்சுப் பள்ளிக்கூடத்துல இறக்கினேன். பிள்ளைங்க ஓடி வந்து சுத்திக்கிச்சு. உடனே கடை போட்டாச்சு, மூடி, டப்பா, பொம்மைக் காய்னு எல்லாத்தையும் கொண்டாந்து அடுக்கியாச்சு. யார் கடைக்காரர்னு பெரிய சண்டை, கடைசியில இருக்கறதுலயே சின்னதா ஒரு பொண்ணு, சுண்டெலின்னு கூப்பிடறாங்க, அது பின்பக்கமா உள்ளே பூந்துடுச்சு. பூந்தவளைக் காணோம். பலகைக்கு மேல ரெண்டு கண்ணும் ஒரு ரிப்பனும் மட்டும் தெரியுது. வாங்க வந்த பிள்ளைங்க கடைக்காரர் எங்க, கடைக்காரர் எங்கன்னு கேக்குது, அது உள்ளேர்ந்து நான் இருக்கேன், நான் இருக்கேன்னு கத்துது. பெரிய டீச்சர் சிரிப்பை அடக்கிக்கிட்டு, ஒரு முக்காலி போட்டுக்கலாம் சார், பரவாயில்லன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மூணரை சாண், சாணுக்கு ஒன்பது அங்குலம், முப்பத்தொண்ணரை அங்குலம், மயிரிழை பிசகாம செஞ்சிருக்கேன். அப்ப அந்தச் சுண்டெலி வெளியில வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, டீச்சர் இங்கவரைக்கும்தானே அளந்தாங்கன்னு தன் வயித்துக்கு மேல கையை வச்சுக் காட்டுச்சு. எப்படி அளந்தாங்கன்னேன். கையை விரிச்சு, தரையிலேர்ந்து ஒவ்வொரு சாணா வச்சுக்கிட்டே மேல வந்தாங்கன்னுச்சு, எனக்குக் கூச்சமா இருந்துச்சுன்னும் சொல்லுச்சு.

முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆபீஸ்ல இருந்தவன் நான். எத்தனை கடையில கோலைப் பிடுங்கி, இது அளவு குறையுதுன்னு எழுதியிருக்கேன். உங்க அம்மா கிண்டல் பண்ணுவாளே, ஊருக்கெல்லாம் அளவு பாக்கறாரு, குழம்புக்கு உப்பு போடச் சொன்னா முழிக்கறாருன்னு. அவ எழுதினது அவ சாண். நான் போட்டது புஸ்தகச் சாண். அது யார் கைன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. யோசிச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது, வேற யார் செஞ்சிருந்தாலும் தன் கையையாவது விரிச்சுப் பாத்திருப்பான்.

கடையை வராந்தாவுல விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். காலைக் குறைச்சா சரியாயிடும், எவ்வளவு குறைக்கறதுன்னு தெரியணும், அதுக்கு அவ கை எவ்வளவுன்னு தெரியணும். தெரியல எனக்கு. இதை உன்கிட்ட ஒளிக்க வேண்டாம்னுதான் எழுதறேன். முப்பத்தி நாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம், அந்தக் கையால போட்ட டீயைக் குடிச்சேன், ஜுரம் வந்தப்ப அந்தக் கைதான் நெத்தியில இருந்துச்சு, ஆறு அங்குலமா எட்டு அங்குலமான்னு கேட்டா சொல்லத் தெரியல. பாத்திரம் கழுவ அவ போட்டுக்கற ரப்பர் உறையை எடுத்து மேசையில விரிச்சு ஸ்கேல் வச்சேன், அது கடையில விக்கற உறை, யார் கைக்கும் ஒரே அளவுதான். மோதிரத்தை எடுத்துப் பாத்தேன், அதுல ஒரு விரல்தான் இருக்கு. சுண்டெலி வயித்தை அளந்து முடிச்சுடலாம்தான், பெரிய டீச்சரும் அதைத்தான் சொன்னாங்க. எனக்கு அது பிடிக்கல. நோட்டுல மூணரை சாண்னு எழுதியிருக்கு, அது எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கணும்.

மறுநாள் காலையில ரம்பத்தைத் தூக்கிக்கிட்டு, வேற வழியில்லாம பிள்ளை உயரத்துக்கே அறுத்துடலாம்னு போனேன். வராந்தாவுல கடையைச் சாச்சுப் படுக்க வைக்கும்போது எதிர்ச் சுவத்தைப் பாத்தேன். போன வருஷம் பிள்ளைங்களும் டீச்சருங்களும் கையில பெயிண்ட் தடவி அந்தச் சுவத்துல பதிச்சிருக்காங்க, பச்சையா ஒரு மரம் மாதிரி. பிள்ளைங்க கையெல்லாம் மேல இலை, டீச்சருங்க கையெல்லாம் கீழே அடிமரம். யார் கை எதுன்னு பேர் எழுதல. எனக்குக் கேக்க வேண்டியிருக்கல. நாலு பெரிய கையில சின்னது, நல்லா விரிச்சு வச்சது, சுண்டுவிரல் நுனி உள்பக்கமா மடங்கினது. நீ அஞ்சு வயசுல கதவைச் சாத்தினப்ப நசுங்கின விரல், உனக்கு ஞாபகம் இருக்காது, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் வாயைக் கட்டி வச்சிருந்தா. இப்ப சொல்லிட்டேன், அதனால நீ ஒண்ணும் நெனச்சுக்காதே, அவளுக்கு அது வலிச்சதே இல்ல.

ஸ்டீல் ஸ்கேலை வச்சேன். கட்டைவிரல் நுனியிலேர்ந்து சுண்டுவிரல் நுனி. ஏழு அங்குலம். ஆபீஸ் வழக்கப்படி மூணு தடவை அளந்தேன், ஏழு, ஏழு, ஏழு. நாலாவது தடவை தேவையில்ல. அளந்தேன். அப்புறம் ஸ்கேலை எடுத்துட்டு என் கையை அது மேல வச்சேன். சுவர் சில்லுன்னு இருந்துச்சு. என் விரல் நாலு பக்கமும் அவ விரலைத் தாண்டி வெளியில நின்னுச்சு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, மணி அடிச்சு பிள்ளைங்க வெளியில வந்தப்பதான் கையை எடுத்துட்டு, அங்க இருந்த குட்டி நாற்காலியில உக்காந்தேன். அப்பவும் அழுகை வரல. ஆனா நெஞ்சுக்குள்ள ஒரு இடத்துல வலிச்சுது, ஊசி போட்ட மரப்பு விட ஆரம்பிச்சதும் முதல்ல ஒரு ஓரத்துல விண்ணுன்னு தெரியுமே, அது மாதிரி. பல் டாக்டர்கிட்ட போனா அது தெரிஞ்சதும் பயப்படுவோம், எனக்கு அன்னிக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

காலை அங்கேயே உக்காந்து அறுத்தேன். மூணரை சாணுக்கு ஏழு ஏழா போட்டா இருபத்திநாலரை, முப்பத்தொண்ணரையிலேர்ந்து அது போனா மீதி வெட்ட வேண்டியது. நாலு காலையும் குறைச்சேன், கீழ்த்தட்டைக் கழட்டி மேல ஏத்திப் போட்டேன், அடியை உப்புத்தாள்ல தேச்சேன். அகலத்தை மாத்தல, மூணு பேர் சேந்து நிக்கலாம், இருக்கட்டும்னாங்க பெரிய டீச்சர். சுண்டெலி உள்ளே போய் நின்னுச்சு. பலகை அதுக்கு வயித்துக்கு மேல, அது காட்டின அதே இடத்துல வந்துச்சு. ரெண்டு முழங்கையையும் பலகை மேல ஊனிக்கிட்டு, உங்களுக்கு என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க, கூட்டம் நிக்குதுன்னு என்னை அதட்டுச்சு. ஒரு விளக்குமாறு வேணும்னேன்.

தூளைப் பெருக்கும்போதுதான் வெட்டின துண்டுங்களைக் கவனிச்சேன். நாலு துண்டு, ஒவ்வொண்ணும் ஏழு அங்குலம். புஸ்தகச் சாணுக்கும் அவ சாணுக்கும் ரெண்டு அங்குலம் வித்தியாசம், மூணரை தடவை ரெண்டு ஏழு. கணக்கு அப்படி விழுந்திருக்கு, அதுல அதிசயம் ஒண்ணுமில்ல. ஆனா நான் தப்பா அதிகம் வச்சது சரியா அவளோட ஒரு சாண். ரெண்டு துண்டை சுண்டெலி அள்ளிக்கிட்டுப் போய் ரொட்டின்னு சொல்லி வித்துடுச்சு. ஒண்ணு என் மேசையில இருக்கு. இன்னொண்ணை மூலை உருட்டித் தேச்சு, நேத்து உனக்குப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். உள்ளே என்ன இருக்குன்னு எழுதணும்னு அந்த ஆபீஸ் பொண்ணு கேட்டா, அளவுகோல்னு எழுதிக்கோம்மான்னேன். சீல் இல்லாத அளவு எதையும் நான் உத்தியோகத்துல ஒத்துக்கிட்டதில்ல. இதை ஒத்துக்கிட்டேன்.

குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ, முதுகு வலிக்குதுன்னு அத்தைகிட்ட சொன்னியாமே, நாற்காலியை மாத்து, மாப்பிள்ளையை வண்டி நிதானமா ஓட்டச் சொல்லு, நான் கேட்டதாகவும் சொல்லு. ரெண்டு பேரும் மனசு ஒத்து, குறையில்லாம நல்லா இருங்க, எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உங்களுக்கு உண்டு. குழாய்க்கு நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன். மறந்துடாதே, பார்சல் வந்ததும் உன் கையை விரிச்சு அந்தத் துண்டு மேல வச்சுப் பாரு. உன் கை அப்படியே தன் கைன்னு அவ எப்பவும் சொல்லுவா, நான் அதை அளந்து பாத்ததே இல்ல. சரியா இருக்கா, கூடவா, குறைவான்னு போன் பண்ணிச் சொல்லு. சொல்லிட்டு உடனே போனை வச்சுடாதே, நான் பேசலன்னாலும் கொஞ்ச நேரம் அப்படியே இரு.

இப்படிக்கு,
உன் அப்பா