பைப்பு எங்கே முடிகிறது?

பாய்,

எதிர்வீட்டில் இன்னொரு மாடி ஏற்றுகிறார்கள். இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் பைப் ஒட்டும் பசையின் வாசனை உள்ளே வந்தது. மூக்கின் நுனியில் லேசாகக் குறுகுறுக்கும் அந்த வாசனைதான் உங்கள் கடையின் வாசனை. உங்கள் சட்டையின் வாசனையும் அதுதான். ஒரு கணம், நீங்கள் கீழே நின்று "வாத்தியாரே, காபி ஆச்சா?" என்று கூப்பிடப் போகிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன். காபி ஆகியிருந்தது. ஒரு டம்ளர்தான் போட்டிருந்தேன்.

பள்ளி விட்டதும் நேராக உங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். உங்களுக்கு வலது காது மந்தம் என்பதால் ஸ்டூலை எப்போதும் உங்கள் இடப்பக்கமே போட்டுக்கொள்வேன்; நடந்தாலும் நின்றாலும் நீங்கள் என் வலப்பக்கம்தான். பைப் வேண்டும் என்று யார் வந்தாலும் நீங்கள் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "பைப்பு எங்க முடியுது?" முடியும் இடம் தெரிந்தால்தானே எத்தனை நீளம், எத்தனை வளைவு என்று சொல்ல முடியும். ஆள் கன்னடக்காரர் என்றால் கன்னடத்தில், தெலுங்குக்காரர் என்றால் தெலுங்கில். கேள்வி மட்டும் மாறாது.

ஓசூரில் கம்பெனிகள் பெருகப் பெருக, காலி மனைகளில் லைன் வீடுகள் முளைத்தன. ஒரே வரிசையில் ஒற்றை அறைகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். அப்போது உங்கள் கேள்விக்கு ஒரே பதில்தான் வர ஆரம்பித்தது: "அப்படியே பின்னாடி ஏரிக்கு விட்டுறலாம் பாய்." நீங்களும் அளந்து கொடுத்தீர்கள்.

நான் வகுப்பில் நீர்ச் சுழற்சிப் படம் வரைவேன். கடல், மேகம், மழை, ஆறு; அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றி மறுபடி கடலுக்கே வந்துவிடும். ஒருமுறை கரும்பலகை நிறைய அழகாக வரைந்ததைப் பற்றி உங்களிடம் பெருமை பேசியபோது, "அதுல குளிக்கிற ரூம் எங்க வாத்தியாரே?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நான் வரைந்த படங்களிலெல்லாம் ஒரு வீடும் ஒரு குழாயும் இருந்தன.

மழை பெய்த மறுநாள் ஒன்றில் ஏரிக்கரையில் நடந்தோம். தண்ணீரின் மேல் நுரை, துவைத்த துணியை அலசாமல் விட்டதுபோல் மிதந்துகொண்டிருந்தது. கரையோரம் வாய் திறந்து கிடந்த பைப்புகளைப் பார்த்தபடி நீங்கள் நின்றுவிட்டீர்கள். "எல்லாம் நம்ம கடை சரக்கு வாத்தியாரே. கலரப் பாத்தாலே தெரியுது" என்றீர்கள். அந்த வாரமே, வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்பதாகச் சொன்னீர்கள்.

குழாய்ச் சின்னம் கேட்டீர்கள். அது வேறொருவருக்குப் போய்விட்டது. உங்களுக்குக் கிடைத்தது சீப்பு. வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "எனக்கு இல்லன்னாலும் ஊருக்கு உதவும்" என்று தெருத்தெருவாகச் சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள். நீங்கள் கேட்டவை மூன்றே. ஏரிக்குள் கக்கூஸ் தண்ணீர் போகக் கூடாது. அதைச் சாக்காக வைத்து லைன் வீட்டுக்காரர்களை யாரும் காலி செய்யவும் கூடாது. பாதாளச் சாக்கடை அந்தச் சந்துகளுக்கும் வர வேண்டும்.

அங்கேதான் மாதம்மாவைப் பார்த்தோம். கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை; ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸைக் கையில் வாங்கவே இல்லை.

"ஏரிய சுத்தம் பண்றேன்னு வர்றவங்க மொதல்ல எங்களத்தான கெளப்புவாங்க?"

"பைப்ப மாத்தச் சொல்றேம்மா, உன்ன மாத்தச் சொல்லல" என்றீர்கள்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டீஸை வாங்கினாள். அன்று முதல் எந்தச் சந்துக்குப் போனாலும் நமக்குத் தண்ணீரும் சிரிப்பும் கிடைத்தன. "ஜெயிச்சிட்டோம் வாத்தியாரே" என்றீர்கள். நானும் நம்பினேன்.

தேர்தல் நெருங்கியபோது, வாக்குச்சாவடி எங்கே என்று சொல்வதற்காக மறுபடி போனோம். மாதம்மா விழித்தாள். "ஓட்டா? எங்க ஓட்டு அஞ்செட்டில இல்ல இருக்குது!" அடுத்த அறைக்காரருக்குக் கல்லாவியில். அதற்கடுத்தவருக்கு வேப்பனப்பள்ளியில். கடைசி அறைப் பையன்களுக்கு ஒடிசாவில். யாரைப் பார்த்தாலும் "எந்த ஊரு?" என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிற ஊர் இது. நாமும் ஒவ்வொரு கதவிலும் அப்படித்தான் கேட்டோம், பதிலும் சொன்னார்கள். அந்த ஊரில்தான் ஓட்டும் இருக்கும் என்று கடைக்காரருக்கும் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

"அடுத்த தடவைக்காவது இங்க மாத்திக்கலாமேம்மா" என்று கேட்டேன்.

"அங்க ஓட்டு இருந்தாத்தான் சார் எங்கள ஊருக்காரங்கம்பாங்க. இங்க எத்தன வருசம் இருந்தாலும் நாங்க லைன் வீட்டுக்காரங்கதான."

மிச்ச நாட்களைச் சொந்த வீட்டுக்காரர்கள் தெருவிலாவது செலவிடுவோம் என்று உங்கள் இடது காதில் சொன்னேன். "போவோம். இந்தச் சந்துல இன்னும் நாலு கதவு பாக்கி இருக்குதே" என்று சொல்லிவிட்டு, அந்த நாலையும் தட்டினீர்கள். அங்கேயும் யாருக்கும் ஓட்டு இல்லை. ஆனாலும் முழுதாகப் பேசிவிட்டுத்தான் வந்தீர்கள்.

பிறகு எங்கள் தெருவுக்கும் வந்தோம். இதே எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறக்காமலே கேட்டார்: "ஏன் பாய், பைப்பு வித்ததும் நீங்க, அது எங்க போவுதுன்னு கேக்கறதும் நீங்களா?"

"விக்கறப்பவும் கேட்டேனே அண்ணே. நீங்கதான் ஏரின்னு சொன்னீங்க."

அவரும் சிரித்தார். சீப்புக்கு விழுந்த சொற்ப ஓட்டுகளைப் பார்த்தபோது அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது. வீடு கட்டுகிறவர்கள் அதன்பின் வேறு கடைக்குப் போனார்கள். கடையில் பைப்புகள் தூசி படிந்து நின்றன. நீங்கள் துடைத்து வைப்பீர்கள், நான் பேப்பர் படிப்பேன். அந்த மாலைகளில் நமக்குள் பேச்சு குறைந்துதான் போயிற்று. இருந்தும் இப்போது அவையே எனக்குப் போதும் என்று தோன்றுகிறது.

உங்களை அடக்கத்துக்கு எடுத்த அன்று காலை, லைன் வீட்டுக்காரர்கள் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார்கள். ஒடிசாப் பையன்கள்கூட வந்திருந்தார்கள். இந்த ஊரில் ஓட்டே இல்லாதவர்களால் உங்கள் தெரு நிறைந்திருந்தது. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது. திரும்பியும் பார்த்துவிட்டேன், வலப்பக்கம்.

போன மாதம் மாதம்மாவைக் கடைவீதியில் பார்த்தேன். ஊருக்கு ஓட்டுப் போடப் போய் வந்திருக்கிறாள். "எங்க ஊருல ஓட்டு கேட்டு வந்தாங்க சார். கக்கூஸ் கட்டித் தர்றோம்னாங்க. அதுல இருந்து வர்ற பைப்பு எங்க முடியுதுன்னு கேட்டேன். திருதிருன்னு முழிச்சாங்க!" சொல்லிவிட்டு, "பாய் இருந்தா சிரிச்சிருப்பாரு" என்றாள். அவளுக்கு ஷிப்ட் வேனுக்கு நேரமாகிவிட்டது. அவள் போன பிறகு, உங்கள் கடை இருந்த இடத்தின் எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். சிரிப்பை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிரசாரத்தில் நான் வாய் திறந்தது குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் கட்டைச் சுமப்பேன், நீங்கள் பேசுவீர்கள். இன்று அந்த வாசனை விடவில்லை. ஆறிய காபியை வைத்துவிட்டு இறங்கிப் போனேன். எதிர்வீட்டின் பக்கவாட்டில் பள்ளம் தோண்டி, பின்பக்கமாகப் புதுப் பைப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார்.

"இது எங்க முடியுதுங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், நீங்களும் பாய் ஆயிட்டீங்களா?"

நான் மறுபடி கேட்டேன். பள்ளத்துக்குள் குந்தியிருந்த பிளம்பர், பசை தோய்த்த பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பசை காஞ்சிரும், சீக்கிரம் சொல்லுங்க" என்றார். வீட்டுக்காரர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பதில் வரும்வரை போவதில்லை என்று அங்கேயே நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன் பாய்: பள்ளத்தின் ஓரத்தில் அத்தனை இடம் இருந்தும், என் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறேன்.