டிக் போட்ட நோட்டுகள்

அச்சகத்திலிருந்து வந்த பழுப்பு உறையைப் பிரித்ததும் மை வாசனைதான் முதலில் வந்தது. மெய்ப்புத் தாள்கள், எழுபத்திரண்டு பக்கம். நீயும் நானும் சேதராப்பட்டுப் பக்கம் ஐந்து கிராமப் பள்ளிகளில் செய்த ஆய்வை ஆறு வருடம் பீரோவில் பூட்டி வைத்திருந்துவிட்டு, இப்போது மூலிகைக் கையேடாகப் போடுகிறார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாக் கிராமத்துக்கும் இலவசமாகத் தரப்போகிறார்களாம். துறைத் தலைவர் போனில் சொன்னார்: "அதுல வேலை பாத்தவங்கள்ல நீங்கதான் மிச்சம். ஒரு முன்னுரை எழுதிக் குடுத்துடுங்க. பத்து நாள்ல வேணும்."

முப்பத்தோராம் பக்கத்தில் நீ வரைந்த படம் இருந்தது. தரையோடு படரும் கொடி, கருஞ்சிவப்புப் பூ, காய்ந்து வெடித்துத் தலைகீழாகத் தொங்கும் கூடை போன்ற காய். ஆடுதீண்டாப்பாளை. படத்துக்குக் கீழே என் வாக்கியம்: "குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு இலையை அரைத்து மூன்று நாள் கொடுப்பது ஐந்து கிராமங்களிலும் ஒருமித்த வழக்கு." தாளைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாக்கியம் அப்படியேதான் இருந்தது.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. போவதற்கு முன் எட்டு மாதம் நாம் பேசிக்கொள்ளவில்லை. உன்னோடு மட்டும்தான் பேசக்கூடிய விஷயம் ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

திட்டம் வந்த கதை உனக்குத் தெரியும். கல்வி, ஊரக வளர்ச்சி, மூலிகை மருத்துவம், மூன்றையும் ஒரே தலைப்பில் கோத்துப் போட்டால் நிதி வரும் என்று யாரோ துறைத் தலைவருக்குச் சொல்லியிருந்தார்கள். நீ தாவரவியல், நான் கல்வியியல். சுனாமிக்கு முந்தைய வருடம். உன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, முட்டிமேல் கேள்வித்தாள் கட்டை வைத்துக்கொண்டு நான் வருவேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு, என்ன இலையை என்ன நோய்க்குக் கொடுக்கிறார்கள் என்று நோட்டில் எழுதிவர வேண்டும். நோட்டில் நான்கு கட்டங்கள்: இலையின் பெயர், நோய், கொடுக்கும் முறை, யார் சொன்னது. அந்தக் கட்டங்களைப் போட்டவன் நான். அதில் எனக்குப் பெருமை வேறு. மனப்பாடக் கல்வியை எதிர்த்து முந்நூறு பக்கம் ஆய்வேடு எழுதியவன் இல்லையா.

முதல் பள்ளியில் ஒரு பெண் மிக அழகாக எழுதிவந்தாள். முத்து முத்தான கையெழுத்து, கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போகாது. மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு நோட்டு எப்படி இருக்கவேண்டும் என்று புரியட்டும் என்று அதை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். மாதிரிக்கு. நீ அப்போதே ஒரு பார்வை பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ முறை உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். மாதிரி என்று எதைக் கொடுத்தாலும் நம் ஊர் வகுப்பறை அதை விடையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாற்பது பிள்ளைகள் பார்த்து எழுதும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பற்றித்தான் முந்நூறு பக்கம் எழுதியிருந்தேன்.

நோட்டுகள் எல்லாம் வந்துசேர்ந்தன. ஒவ்வொன்றையும் புரட்டிச் சிவப்பு மையில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஜெராக்ஸ் நம்மிடம் இருந்ததே.

பிறகு ஒருநாள் மாலை, ஆய்வுக்கூடத்தில் நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது நீ செருப்போடு உள்ளே வந்தாய். கால் முழுக்கச் சேறு.

"இன்னா முசே, கன்னுக்குட்டிக்கும் பாடம் எடுத்தியா?"

கல்வியியல்காரன் என்று என்னை நக்கலடிக்கும்போதெல்லாம் உனக்கு அந்த 'முசே' வந்துவிடும். பழைய பிரெஞ்சுப் பள்ளியில் உன் அப்பா வாத்தியார்களைக் கூப்பிட்ட பழக்கம்.

"என்னடா சொல்ற?"

"அந்த மாதிரி நோட்டுப் பொண்ணு வூட்டுக்குப் போயிருந்தேன், செடி பறிக்க. அவ அப்பா சொல்றாரு, இந்தப் பாளை இலைய மனுசாளுக்கு யாரு சார் குடுப்பா, கன்னுக்குட்டிக்கு வயித்துல பூச்சி வந்தா அரைச்சி ஊத்துவோம்னு. பொண்ணு வயிற்றுப் பூச்சின்னு எழுதிட்டுது. யாருக்குன்னு நீ கட்டமே போடலியே."

"ஒரு வீட்ல அப்படி இருக்கலாம். அஞ்சு ஊர்லயும் சொல்லியிருக்காங்களே."

ஊருக்கு ஒன்றாக ஐந்து நோட்டு ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வரிசையாக விரித்தாய். ஐந்திலும் ஏழாவது வரிசையில் ஆடுதீண்டாப்பாளை. ஐந்திலும் 'அரைத்து மூன்று நாள்'. ஐந்திலும் 'யார் சொன்னது' கட்டத்தில் 'எங்கள் அப்பா'. கடைசி நோட்டின்மேல் விரலை வைத்தாய்.

"இந்தப் பையனுக்கு அப்பாவே இல்ல. மில்லு மூடின வருஷமே போயிட்டாரு. அவரு எப்படா வந்து சொன்னாரு?"

அதோடு நீ விடவில்லை. ஒரு மாதம் தனியாக அலைந்து வீடு வீடாகக் கேட்டாய். தூதுவளை, நொச்சி, ஆடாதோடை எல்லாம் எந்த வீட்டிலும் தெரிந்த இலைகள், அவற்றில் வம்பில்லை. இந்த ஒன்றை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்ததாக எந்த வீட்டிலும் சொல்லவில்லை. "வைத்தியர் அளவு பாத்துப் பெரியவங்களுக்குக் குடுக்கறது வேற கதை. இங்க அளவும் இல்ல, வைத்தியரும் இல்ல. இந்த ஜாதிச் செடிங்க கிட்னியக் கெடுக்குதுன்னு வெளிநாட்டு ஜர்னல்ல எல்லாம் எழுதறான். குழந்தைக்குன்னு போட்டுட்டு நாம சும்மா இருக்கறதா?" என்றாய்.

நான் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அறிக்கை டைப்புக்குப் போயாச்சு. யாரு படிக்கப்போறா? பீரோவுலதான் தூங்கப்போவுது." அடுத்த மாதம் எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் இருந்தது. அதை நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. முடிவு வரும்வரை எனக்காகப் பொறுத்திருந்தால் என்ன?

நீ பொறுக்கவில்லை. நேர்காணல் முடிவு தள்ளிக்கொண்டே போனது. உனக்கு அதெல்லாம் கணக்கில்லை. நேரே துறைத் தலைவரிடம் போனாய். அவர் இளைய விரிவுரையாளர்கள் முன்னால் என்னிடம் "உங்க கேள்வித்தாள்ல ஓட்டையாமே சார்?" என்று கேட்டுச் சிரித்தார். பதவி, எனக்கு எட்டு வருடம் இளையவனுக்குப் போனது. அவனுக்கு இன்றுவரை ஒரு வாக்கியம் பிழையில்லாமல் எழுத வராது. இத்தனைக்கும் அவர் அந்தப் பதிவை நீக்கவும் இல்லை. 'ஐந்து கிராமங்களிலும் ஒருமித்த வழக்கு' என்பதுதான் அறிக்கையிலேயே அவருக்குப் பிடித்த வரி. என்னைக் குத்துவதற்கு மட்டும் நீ பயன்பட்டாய். அன்று முதல் வராந்தாவில் உன்னைக் கண்டால் நான் நோட்டீஸ் போர்டு படிக்க ஆரம்பித்தேன்.

மாரடைப்பு என்று செய்தி வந்தபோது ரெட்டியார்பாளையத்துக்கு ஆட்டோவில் வந்தேன். உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எதிரே டயர் கடை ஓரமாகவே நின்றுவிட்டேன். உன் மனைவி என்னைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, உள்ள வாங்களேன், முகத்தையாவது பாருங்க" என்று ஆள் அனுப்பினாள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உன்னைத் தூக்கும்வரை அங்கேயே நின்றேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். மெய்ப்பு வந்த மூன்றாம் நாள் சேதராப்பட்டுக்கு பஸ் ஏறினேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ சொன்னது தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் போனேன். தலைமுறையாகக் கொடுக்கிறோம் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் போதும். நிம்மதியாக முன்னுரை எழுதலாம், உன்மேல் இருக்கும் கோபமும் நியாயம் என்று ஆகிவிடும்.

இரண்டு வீட்டில் தெரியாது என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூத்த பெண் அன்று நம் ஆய்வில் இருந்தவள், இப்போது தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். வயிற்றுப் பூச்சிக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"பாளை இலைதான் சார். அரைச்சிக் குடுப்போம்."

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "பரம்பரையா குடுக்கறதா?"

"அதெல்லாம் இல்ல சார். எங்க பொண்ணு நோட்டுல இருந்துச்சி. நீங்கதான் டிக்கு போட்டிருந்தீங்களே." முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், அட்டை கிழிந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஏழாவது வரிசை. என் சிவப்பு டிக். "சின்னவனுக்குப் போன வருஷம் குடுத்தேன்."

"எத்தனை நாள்?"

"மூணு நாள்தான் போட்டிருக்கு. ரெண்டு நாள் குடிச்சான், மூணா நாள் துப்பிட்டான். அவ்ளோ கசப்பு."

"பையன் நல்லா இருக்கானா? முகம், கால் ஏதும் வீங்கிச்சா? ஒண்ணுக்கு ஒழுங்கா போறானா?"

அவள் சிரித்துவிட்டாள். "இன்னா சார், காலங்காத்தால ஒண்ணுக்குப் போறானான்னு கேக்கறீங்க? நேத்துகூட பக்கத்து வூட்டுச் செவுத்துல போயி சண்டை வாங்கிக் குடுத்தான்."

"இனிமே குடுக்காதீங்கம்மா. அது கன்னுக்குட்டிக்குக் குடுக்கறது."

"அப்ப டிக்கு போட்டீங்களே."

"தப்பா போட்டுட்டேன்."

இந்த இரண்டு வார்த்தையை உன்னிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் இருந்தது. அவளிடம் எப்படியோ வந்துவிட்டது. அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை. எழுத்தில் இருப்பதை வாயால் சொல்லி மாற்ற முடியுமா என்பது போல நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை எடுத்து அந்த வரிசையை அடித்துக் கொடுத்தேன். பையனை ஒருமுறை அரசு மருத்துவமனையில் காட்டிவிடச் சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

மறுநாள் துறைத் தலைவர் அறைக்குப் போனேன். முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அஞ்சு கிராமம்னு நீங்கதானே சார் எழுதினீங்க?"

"அஞ்சு கிராமம் இல்ல சார். ஒரு கன்னுக்குட்டி."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்துடலாம். ஆனா ஏன் எடுத்தோம்னு நிதி குடுத்தவங்களுக்கு எழுதணுமே. செடியை அடையாளம் கண்டதுல பிழைன்னு போட்டுடலாமா? தாவரம் அவரு பொறுப்புதானே. அவரு எழுந்து வந்து கேக்கப்போறாரா?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் அது எனக்கு இனித்தது. நோட்டீஸ் போர்டு படித்த அத்தனை நாளுக்கும் ஒரு வட்டி வந்த மாதிரி இருந்தது. அவர் பேனாவைக்கூட என் பக்கம் நகர்த்திவைத்தார். என் இடத்தில் நீ இருந்திருந்தால் எதிரே இருப்பவரைத் திட்டியிருப்பாய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பிழை கேள்வித்தாளிலும் மாதிரி நோட்டிலும் இருக்கிறது, இரண்டும் என் வேலை, தாவரவியலாளர் இதை அப்போதே எடுத்துச் சொன்னார் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசித்துவிட்டு, "இனிமே புரமோஷன் பத்திப் பேசமாட்டீங்கன்னு நெனைக்கிறேன்" என்றார். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

பக்கத்தை எடுத்துவிட்டார்கள். உன்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. முதல் ஜெராக்ஸ் எடுத்த அன்றே வாயைத் திறந்திருக்கலாம் நீ.

ஆனால் கையேட்டிலிருந்து எடுத்தது நோட்டுகளிலிருந்து போகாது. ஐந்து பள்ளியிலும் சேர்த்து நூற்று எண்பத்தாறு பிள்ளைகள். ஒவ்வொரு நோட்டிலும் என் டிக் இருக்கிறது. கிராமத்தில் யாருக்கும் தெரியாத ஒரு வைத்தியத்தை நான் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பழைய வருகைப் பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறுகிறேன். பலர் நோட்டை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. சிலர் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையை அடித்துவிட்டு, எப்போதாவது யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்பேன். பட்டியலில் இன்னும் நாற்பத்தோரு பெயர் பாக்கி. எந்த வேலையில் இருந்தாலும் அந்தப் பெயர்கள் வரிசையாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

போன வாரம் அந்த முத்துக் கையெழுத்துப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். அவளுக்குக் கன்றுக்குட்டி சமாச்சாரம் தெரியும், பயமில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வீடு. ஆனால் நோட்டு அங்கே இல்லை. நல்லா எழுதியிருக்கு என்று அவளுடைய சிநேகிதி ஒருத்தி கல்யாணமாகிப் போகும்போது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். வளவனூர் பக்கம். எந்தத் தெரு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிநேகிதிக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது என்று மட்டும் சொன்னார்கள்.