பேர் வெட்டின சிடி

காரைக்குடி,
14.3.99, ஞாயிறு

அன்பு மகள் வின்சிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் படுத்துக்கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். லூதியானாவில் குளிர் விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய், அதற்காக ஸ்வெட்டரை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, அடுத்த வருஷமும் குளிர் வரும். உன் அம்மாவுக்கு ஸ்கூலில் நின்று நின்று குதிகால் வலி. செருப்பை மாற்று என்றால் தவக்காலத்தில் புதுச் செருப்பா என்கிறாள், குதிகாலுக்குத் தவக்காலம் தெரியுமா என்று கேட்டேன், அன்றைக்குப் பூராவும் என்னோடு பேசவில்லை. தம்பி அருண் ஜோசப் பந்து பட்டு மூக்கு வீங்கி இப்போது சரியாகிவிட்டான். கணக்கு மார்க்கில் மட்டும் வீக்கம் இல்லை.

உன் சிநேகிதி ரேணுகா ஏன் உன் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தாய், அதற்கு முந்தினதிலும் கேட்டிருந்தாய். நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். உன் அம்மா, நீங்களே எழுதுங்க, நான் எழுத மாட்டேன் என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டாள். காரணம் நான்தான். வேறு யார் வாயாலும் நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் படிப்புக்கு நுழைவுத்தேர்வை அவள் இந்த வருஷம் இரண்டாவது தடவை எழுதப்போகிறாள் என்பது உனக்குத் தெரியும். அதற்காக அவள் அம்மா பொன்னுத்தாயி நம் கம்ப்யூட்டர் கடையில் ஒரு பாடச் சிடி வாங்கியது. ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்டுத் தானே மார்க் போடும் புரோகிராம். அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, அதனால் தினம் சாயங்காலம் கோவிலூரிலிருந்து டவுன் பஸ் ஏறி செக்காலைக்கு வந்து நம் கடைக் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். விடையும் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொன்னுத்தாயி கடைக்கு வந்து, தம்பி, இது பஸ்ஸுல போகுது வருது, எங்கிட்டாவது விழுந்து கெட்டுப்போச்சுன்னா என்ன செய்ய, நெல்லுல விதைக்குன்னு கொஞ்சம் எடுத்து வைக்கிறமே, அது மாதிரி இதுல ஒண்ணு எடுத்து வச்சுக் குடுங்களேன் என்று கேட்டது. சிடியைக் காப்பி எடுக்கிற ரைட்டர் மெஷின் மேஜை மேலேதான் இருந்தது, அரை மணி நேர வேலை. ஆனால் அன்றைக்குப் பார்த்து அந்தச் சிடிக் கம்பெனியின் ஏஜெண்டு சென்னையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தான், கடை நிறைய ஆள். ஒரு சிடியை வாங்கிக்கொண்டு தெருவுக்கே பத்து அடித்துக் கொடு என்று கேட்கிறவர்களிடம் தினம் கத்திக் கத்தி எனக்கும் சலித்துப் போயிருந்தது. காப்பி எடுக்கக் கூடாது என்று உறையில் போட்டிருந்த இங்கிலீஷ் வரியைக் காட்டி, இது திருட்டும்மா, விதைநெல்லு இல்ல என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஏஜெண்டு சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்ப காசு குடுத்து வாங்குனதுல எனக்கு என்னதான் தம்பி சொந்தம் என்று கேட்டது. இந்த வட்டு மட்டுந்தான் உங்க சொந்தம், உள்ளே இருக்கிறது இல்ல என்றேன். பெரிய பதில் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு.

சொந்தம் என்று சொன்னால் நம் ஊரில் என்ன செய்வார்கள், பேர் வெட்டுவார்கள். பொன்னுத்தாயி நேரே பாத்திரக்கடைக்குப் போய், குடத்துக்கும் தூக்குக்கும் வெட்டுகிற மெஷினில் பொ. ரேணுகா, கோவிலூர் என்று சிடியில் வெட்டி வாங்கிவிட்டது. அதுவும் கவனமாக, மினுமினுப்புப் பக்கத்தைத் தொட்டால் தொலைத்துவிடுவேன் என்று நான் முன்பு மிரட்டியிருந்ததால், படம் போட்ட மேல் பக்கத்தில் வெட்டியிருக்கிறது. பாடம் பூராவும் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே கீறினால்தான் மொத்தமும் போகும் என்று நான் சொன்னதே இல்லை. மிரட்டத்தான் நேரம் இருந்தது.

மறுநாள் ரேணுகா போட்டாள், ஓடவில்லை. நான் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, இதென்ன எவர்சில்வர் தட்டா, சோறு போட்டுச் சாப்பிடப்போறீங்களா என்று கேட்டேன், அப்போதும் கடையில் ஆள் இருந்தது. அந்தப் பிள்ளை சிடியை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது, அதற்குப் பிறகு வரவில்லை. கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். வாங்கினவர் கெடுத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, இன்னொன்று வாங்கிக்கொள்ளவும் என்று ஒரே வரியில் பதில். படித்ததும் கோபம் வந்தது, அப்புறம் யோசித்தால் அது நான் பேசுகிற மாதிரியே இருந்தது.

பிறகு வக்கீல் காசிவிஸ்வநாதன் பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அட ஆனந்து, சட்டத்துல திருத்தம் வந்து நாலஞ்சு வருஷமாச்சே, புரோகிராமை முறையா வாங்கினவன் கெட்டுப்போனா ஆகும்னு தனக்கு ஒரு காப்பி வச்சுக்கலாம்யா, அடுத்தவனுக்கு விக்கத்தான் கூடாது என்றார். அந்த அம்மா கேட்டது அதைத்தானே. டிப்ளமோ படித்தவன், உறையில் கம்பெனிக்காரன் அச்சடித்ததைச் சட்டம் என்று நம்பி ஒருத்தரைத் திருடி ஆக்கியிருக்கிறேன். அந்த வெட்கம் முகத்தைக் கழுவினாலும் போகமாட்டேன் என்கிறது.

நம் கடையில் தீர்ந்துபோயிருந்ததால் மதுரை போய்ப் புதுச் சிடி ஒன்று வாங்கி, அதிலிருந்து ஒரு காப்பியும் எழுதி, போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோவிலூர் போனேன். உக்காருங்க தம்பி என்று பொன்னுத்தாயி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தது. வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புதுசை வாங்கிக்கொண்டது, காப்பியை மட்டும் என் பக்கமே தள்ளிவிட்டது. சட்டம் என்னமும் சொல்லட்டும் தம்பி, அத்தனை பேரு முன்னாடி திருட்டுன்னு சொன்னீக, இனிமே அத எம்பிள்ள கையில எப்படிக் குடுக்கிறது என்றது. அப்புறம், பேரு வெட்டுனத அங்கேயே வச்சுக்கிட்டீகளே, அதுதான் எங்களுக்குச் சொந்தம்னு நீங்கதான சொன்னீக, அதக் குடுத்து விட்டுருங்க என்றது. ரேணுகா உள் அறையில் இருந்தாள், பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை. பஸ் ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது, அவ்வளவு நேரம் சட்டம் பேசினேனே தவிர, நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பரீட்சை அடுத்த மாதம். புதுச் சிடி அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, போட்டுப் படிக்கக் கம்ப்யூட்டர் என் கடையில் இருக்கிறது. நடுவில் இருப்பது என் வாய்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்க என்கிறாள் உன் அம்மா. நான் திருட்டு என்று சொன்னது சாமியாரையா என்று கேட்டேன். நீ ரேணுகாவுக்கு எழுது, ஆனால் எனக்காகப் பரிந்து ஒரு வரியும் எழுதாதே, அவள் படிப்பை மட்டும் விசாரி. மன்னிப்பை நான் இன்றைக்கு மத்தியானம் போய்க் கேட்கிறேன். கடையில் ஆள் இருக்கும்போது ஒரு தடவை வாருங்கள், அங்கேயும் சொல்கிறேன் என்று சொல்லப்போகிறேன். வருவார்களா தெரியாது.

கையோடு கொண்டுபோய்க் கொடுக்க, பேர் வெட்டின சிடியைத் துடைத்துப் புது உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஓடாத சிடியை எதுக்குப்பா இந்தத் துடை துடைக்கிறீங்க என்று அருண் கேட்டான். பேர் தெரிய வேண்டாமா என்றேன்.

ஆண்டவர் உன்னைக் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். சத்து மாத்திரையை விடாதே. உன் ஆஸ்பத்திரி வார்டில் ஒன்றும் தெரியாதவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எரிந்து விழாதே. அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
மரிய ஆனந்த்