நான்காவது படத்திலும் நகர்ந்த புள்ளி

செப்டம்பர் 14, 2022

பள்ளி விட்டதும் கணினி அறையில் இன்றும் படங்களைப் பார்த்தோம். ஹவாய் தீவுத் தொலைநோக்கி எடுத்தவை. வானத்தின் ஒரே துண்டு, நாலு படம். மாற்றி மாற்றிப் பார்த்தால் விண்மீன்கள் அசையாது, சிறுகோள் மட்டும் நகரும். நான் கணக்கு டீச்சர், ஜான் பீட்டர் சார் இயற்பியல். ஒரு மாதமாகத் தேடுகிறோம். இன்று இடது மூலையில் ஒரு மங்கல் புள்ளி. நாலு படத்திலும் ஒரே நேர்கோட்டில் நகர்ந்தது.

“உமா டீச்சர், இது பட்டியல்லயே இல்ல!” என்று சார் கத்தினார்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, இதுவரை யாரும் குறித்து வைக்காத ஒரு கல். தேடலை நடத்தும் அமைப்புக்கு அறிக்கை அனுப்பிவிட்டோம்.

செப்டம்பர் 15

அண்ணன் அடித்தான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றுகிறவன், பெயர் சங்கிலி. பள்ளி விட்டும் நானும் சாரும் ஒரே அறையில் இருப்பதாக யாரோ போய் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“வேதக்காரப் பயலோட அங்கன என்னடி வேலை?”

சார் கிறிஸ்தவர், அதுதான் அவனுக்கு. சிறுகோள் தேடுகிறோம் என்றேன். என் மடிக்கணினியை ஆட்டுரலில் ஓங்கி அடித்தான். பிறகு என் தலையைச் சுவரில். ஆத்தா அடுப்படியிலேயே நின்றாள்.

செப்டம்பர் 16

வழுக்கி விழுந்தேன் என்று பள்ளியில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 21

பதில் வந்தது. முதல்கட்டக் கண்டுபிடிப்பாக ஏற்றிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் வேறு யாராவது அதை மறுபடி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தடம் தொலைந்துவிடும். சார் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

செப்டம்பர் 23

வெட்டிவிட்டான்.

பள்ளி வாசலில், பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும்போது. ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி அரிவாளோடு இறங்கினான். சார் அப்போதுதான் பைக்கை எடுத்தார். முதல் வெட்டு தோளில். அடுத்ததைக் கையால் தடுத்தார் — விரல்கள் — மண்ணில் —

நான் அண்ணன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டும்வரை கடித்தேன். அரிவாள் விழுந்தது. அதை எடுத்தது நான்தான். ஓங்கியதும் நான்தான்.

“வெட்டுடி பாப்போம்” என்றான்.

அவன் கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வெட்டியிருப்பேன். சத்தியமாக வெட்டியிருப்பேன்.

“வேணாம் டீச்சர்” என்றார் சார், ரத்தத்தில் கிடந்தபடி. அரிவாளைச் சாக்கடைக்குள் எறிந்தேன்.

எத்தனை தடவை கொப்பளித்தும் வாயில் அவன் ரத்தம் போகவில்லை.

செப்டம்பர் 25

தேனி ஆஸ்பத்திரி. சார் பிழைத்துவிட்டார். வலது கையில் மூன்று விரல் இல்லை. அவர் மனைவி ஜெசிந்தா கேட்டார்: “உங்க ஆளுகளுக்கு நாங்க என்ன பாவம் செஞ்சோம்?” வாங்கிப் போன பழத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

செப்டம்பர் 27

நான் இப்போது தங்கியிருக்கும் பெண்கள் விடுதிக்கு ஆத்தா வந்தாள். “கூடப் பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்புவியா? ஊர்ப் பெரியவுக பேசி முடிக்கிறோம்னாக. வெட்டுனது யாருன்னு பாக்கலன்னு மட்டும் சொல்லிரு.”

“பாத்தேன் ஆத்தா. கண்ணால பாத்தேன்.”

“அப்ப நம்ம ஊரு கோம்பைக்கு வராத. எனக்கு மக இல்ல.”

நேராக ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நான் அரிவாளை ஓங்கியதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அக்டோபர் 4

அமெரிக்காவில் யாரோ மறுபடி பார்த்துவிட்டார்கள்! கணக்குப்படி அது இருக்க வேண்டிய இடத்திலேயே. விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11, 2025

போன மாதம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறினேன். வெட்டியவனைக் கை காட்டச் சொன்னார்கள், அண்ணனைக் காட்டினேன். “வெளிய வந்து ஒன்னயப் பொதைக்காம விடமாட்டேன்” என்றான், நீதிபதி முன்னாலேயே. இன்று அவனுக்கு ஏழு வருடம் என்று தீர்ப்பு வந்தது. வெளியே ஆத்தா மண்ணை வாரி என்மேல் தூற்றினாள். தலையெல்லாம் மண். துடைக்காமலே பஸ் ஏறினேன்.

ஜூலை 19, 2025

எங்கள் சிறுகோளுக்குத் தற்காலிகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு எண்ணும் எழுத்தும்தான். சூரியனை ஒருமுறை சுற்ற நாலேகால் வருடம் எடுக்குமாம். கண்டவர்கள் வரிசையில் எங்கள் இருவர் பெயரும்.

செய்தியைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. சார் வீடு இருக்கும் ராயப்பன்பட்டிக்கே போனேன். ஜெசிந்தா கதவைத் திறந்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

“உள்ள வாங்க டீச்சர். அவுக சாப்புட ஒக்காந்துருக்காக. நீங்களும் கை கழுவுங்க.”