ஊர் என்று நான் எழுதிய இடங்கள்

கனகராயன்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் தயாபரனுக்கு,

நான் சுகம், முழங்கால் மட்டும் தன் எண்ணப்படி நடக்கிறது. அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். நீ தொலைபேசியில் சுரேகாவோடான கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் நான் கதையை மாற்றினேன். அதற்கான பதில் எழுத்தில்தான் இருக்கவேண்டும், அதனால் இந்தக் கடிதம்.

வவுனியாவில் சமூக உளவியல் படிக்கும் லக்சிகா என்றொரு பிள்ளை ஆய்வுக்காக இங்கே வந்தாள். ஊர்ப் பட்டியலில் குலுக்கல் போட்டு நாற்பது வீடு எடுத்தாள். எனக்கு விழுந்தது, பக்கத்து வீட்டு விமலேஸ்வரிக்கு விழவில்லை. விருப்பமானவர்களைப் பொறுக்கினால் அது ஆய்வாகாது என்று பிள்ளை எவ்வளவோ விளக்கியும் அவா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சம்மதப் பத்திரத்தில், விரும்பாவிட்டால் இடையில் நிறுத்தலாம் என்று இருந்தது. கொன்வென்றில் படித்த நான் எந்தப் பரீட்சையிலும் இடையில் எழும்பியதில்லை என்றேன். பெயர் எழுதக்கூடாதாம், நான் பதினேழாம் இலக்கம். நான்கு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன். அயலவரோடு பழகி அவர்களை நம்புகிறீர்களா என்றொரு கேள்வி. பழகுகிறேன், நம்புவதில்லை, புள்ளடியை எங்கே போடுவது என்று கேட்டேன். ஒன்றுக்குள் இரண்டு கேள்வி வைத்தது தன் பிழைதான், அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை.

கடைசியில் இரண்டு கேள்வி. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய உங்களுக்குச் சம்மதமா? ஊர் சம்மதிக்குமா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று அழுத்தமாகப் போட்டேன். சுரேகாவின் குடும்பமும் மலையகம், ஊர் சம்மதியாது என்றுதானே சித்திரையில் உனக்கும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை முன்பள்ளி மண்டபத்தில் பங்குபற்றிய எல்லோரையும் கூட்டி முடிவைச் சொன்னாள். நாற்பது பேரில் தமக்குச் சம்மதம் என்றவர்கள் முப்பத்துநான்கு, ஊர் சம்மதியாது என்றவர்கள் முப்பத்தாறு. ஒருவரும் வாய் திறந்து சொல்லாததால் தான் மட்டுந்தான் வேறு மாதிரி நினைப்பதாக ஒவ்வொருவரும் எண்ணுகிறார்களாம். அழைக்காமலே வந்து பின்வரிசைக் கதிரையில் இருந்த விமலேஸ்வரி எழும்பி, "அப்ப ஊர் எண்டுறது ஆர் பிள்ளை? நீர் கேக்காமல் விட்ட நான்தானோ?" என்றா. சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

நான் விடவில்லை. கடதாசியில் எல்லோரும் நல்ல பதில்தானே எழுதுவார்கள் என்று பிறகு லக்சிகாவைப் பிடித்துக் கேட்டேன். "ஓம் அம்மா, கடதாசியில எல்லாரும் நல்லவைதான். என்ன செய்யினம் எண்டு பாத்தால்தான் விளங்கும்" என்றாள். பொதுவாகத்தான் சொன்னாள், பதினேழாம் இலக்கத்துக்குச் சுட்டது. கடதாசியில் ஆம் போட்ட நான் உனக்கு இத்தனை மாதமாக ஆம் சொல்லவில்லையே.

நேற்றுக் காலை பஸ் ஏறிச் செட்டிகுளம் போனேன். சுரேகாவின் தாய் அழகம்மா தேத்தண்ணீர் தந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தா. நீங்களும் இருங்கோ சம்பந்தி என்றேன். அவா இருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்க ஊருல என்ன பேசுவாங்களோன்னுதான் புள்ளைகிட்ட வேணாம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றா. தேத்தண்ணீர் என் சேலையில் ஊற்றுப்பட நான் சிரித்ததன் காரணம் அவாவுக்கு விளங்கவில்லை. விமலேஸ்வரியின் கதையைச் சொன்ன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

மகன், சித்திரையில் நான் எழுதிய கடிதத்தை எடு. பிரதி என்னிடமும் இருக்கிறது. மூன்று இடத்தில் ஊர் என்று எழுதியிருக்கிறேன். மூன்றையும் அடித்து அம்மா என்று திருத்தி வாசி. வாசித்தபின் கிழித்துவிடு, இந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொள்.

நீயும் சுரேகாவும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். காதை மூடித் தொப்பி போடு. முதல் அழைப்பிதழை விமலேஸ்வரியின் பெயருக்கு அனுப்ப மறக்காதே, ஊருக்குச் சொல்லவேண்டும் அல்லவா.

இப்படிக்கு,
உன் அம்மா
மனோன்மணி கதிர்காமநாதன்
(இலக்கம் 17)