நூற்றிருபது

மார்ச் 4

செல்லத் தம்பிக்கு,

காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே வாந்தியாக வருகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வகுப்பில் ஏழும் எட்டும் பதினாறு என்று சொல்லிவிட்டேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பதினொரு வயதிலேயே சர்க்கரை வந்த உடம்பு உன்னுடையது. அன்றிலிருந்து சர்க்கரை நோட்டில் ஒரு எண் பிசகாமல் வைத்திருந்தாயே, இப்போது மட்டும் ஏன்? சமையல்தான். அவ்வளவு எண்ணெய் ஊற்றினால் எந்த வயிறு தாங்கும்? உன் பெண்டாட்டிக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 13

அக்கா,

நாலு வார்த்தையா? "நான் என்னமோ விஷம் வைக்கிற மாதிரி பேசிட்டாங்க" என்று அழுதுவிட்டு அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நானே ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

பரிசோதனை முடிந்தது. வயிற்றை அசைக்கும் நரம்பு பழுதாம். சாப்பாடு மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. இன்சுலின் ஊசி மட்டும் தன் வேலையைப் பார்க்கிறது. சர்க்கரை சட்டென்று இறங்குகிறது, பிறகு எகிறுகிறது. போன வாரம் லிப்ட் பழுது பார்க்கும்போது கை நடுங்கி ஸ்பேனரைக் கீழே விட்டேன். குழியில் ஆள் இருந்திருந்தால்?

"இது ஒரு மாசத்துல வந்தது இல்ல. பல வருஷமா சர்க்கரை ஏறியே இருந்திருக்கு" என்றார் டாக்டர்.

இருந்தது அக்கா. நோட்டில் இருந்ததெல்லாம் பொய். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து நூற்றிருபதை ஒட்டியே எழுதி நிரப்புவேன். நீ பார்த்துக் கையெழுத்துப் போடுவாய்.

தம்பி

மார்ச் 18

தம்பி,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்குத் தெரியும். முப்பது நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால் தெரியாதா? கேட்டால் நீ அழுவாய், அம்மா உடைந்துபோவாள். கையெழுத்துப் போட்டால் வீடு அமைதி. உன் கல்யாணம் வரைக்கும் போட்டேன். அந்த நோட்டை நினைக்கப் பயந்துதான் சமையலைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று அவளே போன் செய்தாள். "அண்ணி, அவர் ஊசி போட்டுட்டுச் சாப்பிடறாரா?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். வாசலில் நிற்க வைத்தாலும் நின்றபடியே என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உன் பொய்யையும் சேர்த்தே சொல்வேன்.

அக்கா