மரகதத்தின் துணியில் தையல்

14 ஆகஸ்ட், வியாழன்.

நாளை என் மனைவி மரகதத்தின் திதி. அவள் வாங்கிய சதுரமான பாத்திக் துணியை ஜப்பான்காரர்கள் முறையில் முனைகளை முடிந்து பையாக்கி வைத்திருக்கிறேன். வீடியோ பார்த்து நானே கற்றது. ஊசியோ கத்தரியோ படக்கூடாது. வருடம் முழுக்க அது காய்கறி வாங்க என்னோடு பசாருக்கு வரும். திதியன்று முடிச்சுகளை அவிழ்த்து, அவள் படத்துக்கு முன் விரித்து, அதன்மேல் இலை போடுவேன்.

இன்று மாலை அவிழ்க்க எடுத்தேன். எல்லா முடிச்சிலும் மிஷின் தையல்.

“நாந்தான் அடிச்சேன் மாமா. போன வாரம் முடிச்சு அவுந்து முட்டையெல்லாம் ஒடைஞ்சு போச்சேலா,” என்றாள் மருமகள்.

“யாரைக் கேட்டு அடிச்ச?”

“கடைக்காரரு பையைப் புடிச்சு இழுத்துட்டாருன்னு நீங்கதானே திட்டுனீங்க? இனி யாரு இழுத்தாலும் அவுழாது. வேணும்னா பிரிச்சுத் தரேன்.”

பிரித்தால் முனைகளெல்லாம் ஊசித் துளைகள் நிற்கும். வேண்டாம் என்றேன். நாளை வெறும் தரையில்தான் இலை. கோபம் வரும் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். வரவில்லை.

கடைக்காரன் பையைத் தொடவே இல்லை. என் விரல்களுக்கு இப்போது முடிச்சை இறுக்கும் பலம் இல்லை. இதை மருமகளிடம் சொல்ல மாட்டேன்.